அக்காவின் வாய்ச் சிவப்பு

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாக்கை நீட்டிக் காட்டுவது ஒரு வழக்கம். மார்க்கையன்கோட்டையில் எங்களுக்குச் சொந்தமாக வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அடுப்படிக்குப் பின்னால் நிழல் விழும் இடத்தில் பெண்கள் உட்கார்ந்து வெற்றிலை போடுவோம். மென்று துப்பியதும் என் மாமியார் மருமகள்கள் இருவரின் நாக்கையும் பார்ப்பார். புருஷனின் பிரியத்தைப் பெற்றவளுக்கு நன்றாகச் சிவக்கும் என்பது அவர் நம்பிக்கை. தினமும் என் ஓரகத்திக்கே சிவந்தது. என் கணவரின் அண்ணன் மனைவி அவள்; நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"பெரியவன் இவ மேல உசுரையே வச்சிருக்கான். வாயே சொல்லுதுல்ல" என்பார் மாமியார். என் நாக்கு வெளிறிய காவி நிறத்தில் நிற்கும். என் கணவருக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். அதைச் சொல்லியும் மாமியார் சிரிப்பார். ஒரே கொடியின் இலை, ஒரே பாக்கு. சுண்ணாம்பைக் கூட்டிப் பார்த்தேன். வாய் வெந்ததுதான் மிச்சம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒருநாள் காலையில் தண்ணீர்த்தொட்டி அருகே அக்கா உமிக்கரியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். துப்பிய கரியில் சிவப்பு இழை ஓடியது. கேட்டதற்கு, "ராத்திரி போட்ட வெத்தலைடி" என்றாள். நானும்தான் ராத்திரி போட்டேன். எனக்கு விடியும்வரை நிற்காத சிவப்பு அவளுக்கு எப்படி நின்றது? அதன்பின் அவள் வாயையே கவனித்தேன். ஈறுகள் ஊதாவாகி வீங்கியிருந்தன. கிராம்பையும் மீறி ஒரு வாடை வந்தது. கீழ்வரிசை முன்பற்கள் நீண்டுகொண்டே போயின. மாமியார் அதற்கும், பல் வளருகிறது என்று ஒரு பெருமை சொல்லிவைத்தார்.

"அத்தை, அது வெத்தலைச் செவப்பில்ல. ரத்தம்" என்று சொன்னபோது எனக்குப் பாயசம் குடித்தது போலிருந்தது.

பெரியவர், அதாவது அக்காவின் கணவர், அவளைத் தேனியில் ஒரு பல் வைத்தியரிடம் அழைத்துப்போனார். துணைக்கு நானும் போனேன். பல் வளரவில்லை, ஈறுதான் விலகி இறங்குகிறது என்று வைத்தியர் கண்ணாடி பிடித்துக் காட்டினார். பல்லோரத்து அழுக்கு காரையாக இறுகிவிட்டதாம். அது ஈறைப் புண்ணாக்கி, உள்ளிருக்கும் எலும்பையும் கரைக்கிறதாம். ரத்தம்தான் முதல் அடையாளம். வெற்றிலை போடுகிறவர்களுக்கு அது கண்ணில் படாமலே போய்விடும் என்றார். காரையைச் சில தடவைகளாகச் சுரண்டி எடுக்க வேண்டும், வெற்றிலை பாக்கை அடியோடு விட வேண்டும், உமிக்கரிக்குப் பதில் மெதுவான பிரஷ் வேண்டும். இறங்கிய ஈறு தானாக ஏறாது. ஆடுகிற இரண்டு பல்லும் நிற்காது. கவனித்தால் மற்றதைக் காப்பாற்றலாம், விட்டால் ஒவ்வொன்றாக எல்லாம் போகும். அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

முதல் தடவை சுரண்டியதும், காரை அடைத்திருந்த இடமெல்லாம் சந்தாகத் தெரிந்தது. அக்கா நாக்கால் தடவித் தடவி அழுதாள். "இருந்த பல்லையும் ஆட்டிவிட்டுட்டாக. இனி அங்கன போக வேணாம்" என்றார் மாமியார். அக்காவும் வரமாட்டேன் என்று படுத்துவிட்டாள். இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

பெரியவர் வாதாடவில்லை. தம் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்து தாயாரின் மடியருகே வைத்தார்.

"நானும் விட்டுட்டேன் ஆத்தா. அடுத்த வாரம் ரெண்டு பேரும் தேனிக்குப் போறோம்."

கொடிக்காலில் தினமும் இலை கிள்ளுகிற மனிதர். கன்னத்தில் எப்போதும் பாக்கு அதக்கியவர். சொன்னபடியே விட்டார். காலையில் உப்புப் போட்ட வெந்நீரை அவரே ஆற்றி அவளிடம் கொடுத்ததை அடுப்படியிலிருந்து பார்த்தேன். நாக்கின் சிவப்பு பொய் என்று நிரூபித்தவள் நான்தான். இந்த வெந்நீர் டம்ளரை என்னவென்று நிரூபிப்பது?

இது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது; அக்கா இன்று நாற்பதைத் தாண்டிவிட்டாள். இரண்டு பல் போனது. மற்றவை இடைவெளியும் நீளமுமாக, உறுதியாக நிற்கின்றன. சோளக்கதிரைக் கடித்தே தின்கிறாள். பெரியவர் இன்றுவரை வெற்றிலை தொட்டதில்லை.

அன்று பெரியவர் தம் வெற்றிலைப் பெட்டியைத் தாயாரிடம் கொடுத்த அதே வாரம் என் கணவர் ஊருக்கு வந்திருந்தார். சாப்பிட்டபின் அவர் எதிரில் உட்கார்ந்து எனக்கென்று இரண்டு இலை எடுத்தேன். சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்கும் ஈறு வலிக்குது. நானும் வெத்தலைய விட்டுரலாம்னு இருக்கேன்."

அவர் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அப்ப அதை இங்கன குடு."