பன்னிரண்டு கேள்விகள் கேட்ட டிரெஸர்

காம்பார் பக்கத்திலிருந்து வந்த லாரிக்காரர்தான் சொன்னார். ஆபீஸ் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. "ஐயா, உங்க பழைய டிரெஸர் மாணிக்கம் போயிட்டாருலா. மூணு நாளாச்சு."

"என்ன நடந்தது?"

"மலேரியான்னு சொல்றாங்க."

"பக்கத்திலே ஆர் இருந்தது?"

"அது தெரியலைங்க ஐயா."

இறந்தவரைப் பற்றி எழுதும்போது அவர் குணங்களை வரிசையாகச் சொல்வது நம்மவர் வழக்கம். என்னால் அது முடியவில்லை. லாரிக்காரரால் பதில் சொல்ல முடியாத அந்தக் கேள்வியிலேயே என் மனம் இன்னும் நிற்கிறது. அது என் கேள்வியும் அல்ல. மாணிக்கத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.

சிம்பாங் பூலாய்க்கு அருகிலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் ஒன்பது வருஷம் டிரெஸராக, டாக்டருக்கு அடுத்த வைத்திய உதவியாளராக, மருந்துக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டார். பெரிய யுத்தம் முடிந்த வருஷத்து விஷக்காய்ச்சலில் மனைவியை இழந்த தனி ஆள். மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் முன்சுவருக்கு நாங்கள் அவசரமாக வெள்ளையடிப்போம். மாணிக்கம் வந்தவரைக் கையோடு பின்பக்கம் அழைத்துப் போய்ச் சாக்கடையைக் காட்டுவார். "முன்பக்கத்த சுண்ணாம்பு பாத்துக்கும். நாம பின்பக்கத்த பாப்போம்" என்பார். பெரிய கிராணியான, அதாவது ஆபீஸின் தலைமை எழுத்தரான, எனக்கு அந்தச் சமயங்களில் அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போலிருக்கும்.

என் மகள் சரசுவுக்கு அப்போது பதினைந்து வயது. டாக்டராக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஈப்போவில் அவளுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார ஆசிரியை, இங்கிலாந்தில் நல்ல விடுதிப் பள்ளியொன்றில் இரண்டு வருஷம் படித்தால் அங்கேயே மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம் என்றார். எந்தப் பள்ளி? அதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரான எங்கள் துரையின் தங்கை படித்த பள்ளி ஒன்று இருந்தது. துரையிடம் கேட்டேன். அவர் மகிழ்ந்து போய்ச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். கூடவே என் விண்ணப்பமும் போனது.

என் ஆங்கில விண்ணப்பங்களுக்குப் பேராக் முழுவதும் பெயர் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பணிவில் குறை வைக்கவே மாட்டேன். "என் மகளுக்கு விசேஷ வசதி எதுவும் வேண்டாம். கொடுத்ததை உண்பாள். இடம் கிடைத்த மூலையில் படுப்பாள். விடுமுறையில் எங்கே வைத்தாலும் இருப்பாள். எவருக்கும் எந்தத் தொந்தரவும் தரமாட்டாள்." நம்மில் யார் வாசித்தாலும் இது மரியாதை என்று புரிந்துகொள்வோம். இப்படி எழுதினால் எதிர்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளும் என்பது நமது கணக்கு.

பதிலைத் துரையே தன் கையால் கொடுத்தார். சேர்த்துக்கொள்கிறோம் என்ற முதல் வரியைத் தாண்டி என் கண் போகவில்லை. கப்பலுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. விடுப்பில் ஊர் திரும்பும் ஓர் ஆங்கிலத் தாதி பினாங்கிலிருந்து சரசுவைத் துணையாக அழைத்துப் போக ஒப்புக்கொண்டிருந்தார். எல்லாம் கூடி வந்துவிட்டது என்று கடிதத்தை மருந்துக்கொட்டகைக்கு எடுத்துப் போனேன். பெருமையடிக்கத்தான் போனேன், மறைப்பானேன்?

மாணிக்கம் ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "அண்ணே, இது புள்ளைய படிக்கக் கூப்புடல. வேலைக்குக் கூப்புடுது."

கடிதத்தில் இருந்தது இதுதான். மாணவிக்கு வசதிகள் தேவையில்லை என்று தகப்பனாரே எழுதியிருப்பதால், கூரைக்குக் கீழே கணப்பில்லாத அறையில், சமையற்கட்டுப் பெண்களோடு இடம் தரப்படும். மற்றப் பெண்கள் விடுமுறைக்கு வீடு போகும்போது இவள் அங்கேயே தங்கி, வீட்டுப் பொறுப்பாளருக்கு உதவியாக இருக்கலாம்.

"சூசா, தொந்தரவு எதுவும் குடுக்க மாட்டான்னு நீங்க எழுதுனீங்க. அவங்க அப்படியே எடுத்துக்கிட்டாங்கலா" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீர் உம்முடைய மருந்துப் போத்தலைப் பாரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை என் மனைவி கடிதத்தைத் தேநீருக்குப் பக்கத்தில் வைத்தாள். "அந்தாள் சொன்னதை மனசிலை வைச்சு ஒருக்கா வாசியுங்கோ. எங்கட பிள்ளை நெருப்பில்லாத அறையிலை குளிருக்குள்ள கிடக்கிறதே?" வாசித்தேன். தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு மருந்துக்கொட்டகைக்கு நடந்தேன்.

அன்று மாணிக்கம் ஒரு பழைய காய்ச்சல் அட்டையைத் திருப்பி என் முன் போட்டார். "உங்ககிட்ட இங்கிலீஷ் இருக்கு, எங்கிட்ட கேள்வி இருக்கு. எழுதுங்க." பன்னிரண்டு கேள்விகள். அறையில் கணப்பு உண்டா? ஓர் அறையில் எத்தனை கட்டில்? மாட்டிறைச்சி உண்ணாத பிள்ளைக்கு என்ன கொடுப்பீர்கள்? விடுமுறையில் யார் வீட்டில் இருப்பாள், அந்த வீட்டில் யார் யார்? தமிழில் அவள் எழுதும் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பீர்களா? பன்னிரண்டாவது, நோய் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்?

ஒவ்வொன்றுக்கும் என் பேனா நின்றது. "இப்படியெல்லாம் கேட்டால் சேர்ப்பார்களோ?" என்றேன்.

"கேட்டதுக்குக் கோவிச்சிக்கிற எடத்துல புள்ளைய விடலாமாண்ணே?"

முடிவில் வழக்கம்போல் 'தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்' என்று போட்டேன். பேனாவை வாங்கி அதை அடித்தார். "புள்ளையோட அப்பான்னு போடுங்க."

ஆசிரியை பெயர் தந்த மூன்று பள்ளிகளுக்குக் கடிதம் போனது. போக ஒரு மாதம், வர ஒரு மாதம். சரசு பெட்டி அடுக்கவும் இல்லை, அடுக்கியதைக் கலைக்கவும் இல்லை. துரை என்னைக் காணும்போதெல்லாம், "என்ன கிராணி, மக ரெடியா?" என்பார். நான் சிரித்து வைப்பேன். முதல் பள்ளி இடமில்லை என்று ஒரே வரியில் முடித்தது. இரண்டாவது பதிலே போடவில்லை. துரையின் பள்ளிக்கே அனுப்பிவிடுவோமா என்று நான் தடுமாறத் தொடங்கியபோது, கப்பலுக்குப் பதினோரு நாள் இருக்கையில், மூன்றாவது வந்தது. பன்னிரண்டுக்கும் பதில் இருந்தது. கீழே தலைமையாசிரியை தன் கையெழுத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். உங்கள் மகளுக்குப் பிடித்த உணவு என்ன? அவள் எதற்குப் பயப்படுவாள்? சரசு அதை வாசித்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

இனித் துரையிடம் சொல்ல வேண்டும். மாணிக்கமும் கூட வந்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துரை முகம் சிவந்து எழுந்தார். "நான் எழுதிக் குடுத்த ஸ்கூல் போதாதா? என் தங்கச்சி படிச்ச ஸ்கூல்! யார் சொன்னான் உனக்கு?"

வேலை போனால் மகளின் படிப்பும் போகும் என்பது ஒன்றே மண்டைக்குள் ஓடியது. 'என் மகள், என் முடிவு' என்று சொல்ல வேண்டியவன் நான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தாங்க தொரை சொன்னேன்" என்றார் மாணிக்கம்.

சரசு கப்பலேறிய அடுத்த மாதமே காம்பாருக்கு அப்பால், காடு வெட்டிக்கொண்டிருந்த புதுத் தோட்டத்துக்கு அவரை மாற்றினார்கள். பெயர் போன காய்ச்சல் காடு அது. என் நாற்காலி என்னிடமே இருந்தது.

ரயிலேறினால் போய்விடும் தூரம்தான். இந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு தடவைதான் போனேன், சரசுவின் கடிதத்தைக் காட்ட. குளிர்காலத்தில் அவளுக்கு நிமோனியா கண்டதையும், தலைமையாசிரியை மூன்று நாளும் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததையும் எழுதியிருந்தாள். மாணிக்கம் அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். கன்னம் ஒட்டிப்போயிருந்தார். "காய்ச்சல் மருந்து, கொயினா பத்தலண்ணே. கேட்டு எழுதுனா பதிலே வர மாட்டேங்குது. நீங்க ஒரு லெட்டர் போடுங்க, நல்லா கேட்டு எழுதுங்க" என்றார்.

எழுதினேன். எங்களை அறிந்தவர்கள் இதை அறிய வேண்டும் என்பதற்காகவே இந்த அஞ்சலியை எழுதுகிறேன். மேலிடத்துக்கு நான் எழுதிய அந்தக் கடிதத்தின் நகல் இப்போது என் மேசையில் இருக்கிறது. 'தங்களுக்கு வசதிப்படும்போது அனுப்பினால் போதும். அவசரம் ஒன்றுமில்லை.' பயமும் பழக்கமும் சேர்ந்து எழுதிய வரி. அவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சரசு இந்த வருஷம் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் செய்தி எழுதவில்லை. எழுதினால் அவள் முதலில் கேட்கப்போவது எதுவென்று எனக்குத் தெரியும்.

மாணிக்கத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் காய்ச்சல் அட்டை ஒன்றுதான். நேற்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொயினா என்று தீர்ந்தது? அவர் எந்த நாள் படுத்தார்? டாக்டருக்கு யார், எப்போது சொல்லி அனுப்பினார்கள்? இப்படிப் பன்னிரண்டு கேள்விகள். கடைசிக் கேள்வியை அட்டையிலிருந்து அப்படியே பார்த்து எழுதினேன். நோய் வந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்?

கீழே என் கை பழக்கத்தில் 'தாழ்மையுள்ள' என்று தொடங்கிவிட்டது. அடித்துவிட்டு, மாணிக்கத்தின் நண்பன் என்று கையெழுத்திட்டேன்.