பயிற்சி ரசீது

நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்க்கிறார் புனிதவதி. அதன் கால் ஆடுகிறது. இன்னொன்றைக் கொண்டுவரச் சொல்லி அதிலும் உட்கார்ந்து பார்க்கிறார். அவர் உட்காரப்போகிற நாற்காலியும் அல்ல அது. மனு கொடுக்க வருகிறவருக்காகக் கவுண்டரின் இந்தப் பக்கத்தில் போடுவது. "விழுந்து கிழுந்து போனால் ஆர் பொறுப்பு?" என்பார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் விழுந்ததில்லை. அதனாலேயே அவருக்குக் கவலை அதிகம். இனிமேல்தானே விழ வேண்டும்.

ஈப்போவில், மாநில அரசின் பயிற்சிப் பிரிவில் உத்தியோகம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர். ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிளாட்பாரத்தில் நிற்கும் குணம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பாரிட் புந்தார், லூமுட் என்று ஊர் ஊராகப் பேருந்தில் போய், அரசாங்கக் கவுண்டரில் உட்காருகிற குமாஸ்தாக்களுக்குப் பாடம் எடுக்கிறார். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அரசியல் சட்டத்தில் எட்டாவது விதி ஒன்று இருக்கிறதே, அது கவுண்டரில் எப்படி நடக்க வேண்டும் என்பதுதான் பாடம். குமாஸ்தாக்கள் அவரை 'சிக்கு' என்பார்கள். மலாயில் டீச்சருக்கு அதுதான் மரியாதைச் சொல்.

அவர் பாடத்தில் தத்துவம் கிடையாது. மலாய் தடுமாறுகிறது என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். மனுவை வாங்கினால் கையோடு ரசீது கொடுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கைநாட்டு சரியாக விழவில்லை என்று மனுவைத் தள்ளாதீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பாலை உறைய வைக்கிற ஆசிட்டில் ஊறிப்போன பெருவிரலில் ரேகை எங்கே இருக்கும்? வெறும் மசிதான் விழும். எலுமிச்சைத் துண்டால் துடைத்து, உலர்த்தி, மெல்ல உருட்டினால் கொஞ்சம் தெரியும். இதற்காகவே கைப்பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மேலதிகாரி ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புனிதவதிக்கு நிம்மதி போயிற்று. வகுப்பு முடிந்த பிறகு எதிர்ச்சாரி காப்பிக் கடையில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியோடு அந்த ஊர் அலுவலகத்தின் கவுண்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போய்ப் பார்க்க மட்டும் தைரியம் வராது. சொல்லிக் கொடுத்தது வகுப்பு நடந்த மண்டபத்தைத் தாண்டி அந்தக் கவுண்டர் வரை போகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பயம்.

போன மாதம், இந்த எழுபத்தொன்பதாம் வருஷத்து மழையில், அந்தப் பயம் அவரைத் தேடியே வந்துவிட்டது. ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் புனிதவதிக்குச் சாப்பாடு இறங்காது.

வகுப்புக்காக அலுவலகத்தின் பின்மண்டபத்தில் மேசை போட்டுப் பொய்க் கவுண்டர் ஒன்று தயாரானது. தாள்களில் எல்லாம் 'பயிற்சிக்கு மட்டும்' என்று மலாயில் முத்திரை. மனுக்காரியாக நடிக்கத் தன் கொழுந்தியாள் நவமணியை அனுப்புவதாக அலுவலகச் சேவகர் பிச்சைமுத்து சொல்லியிருந்தார். யார் என்ன கேட்டாலும் நிஜ மனுக்காரி என்றே சாதிக்க வேண்டும், நடிப்பை விடக் கூடாது என்று புனிதவதி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நவமணியை அவர் பார்த்ததில்லை.

சரியாகப் பத்து மணிக்கு ஓர் அம்மாள் நனைந்த சேலையோடு எட்டிப் பார்த்தார். புனிதவதி சைகை காட்டி வரவேற்றார். பொய்க் கவுண்டரில் அப்போது குமாஸ்தா உடையப்பன். கற்பூர புத்தி, ஒருமுறை சொன்னால் போதும். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அக்கா, மெதுவா சொல்லுங்க" என்றார். பேர் வீரம்மா, குடியுரிமை இல்லாததால் சிவப்பு அடையாள அட்டை, வேலைப் பெர்மிட்டைப் புதுப்பிக்க இன்றுதான் கடைசி நாள், மனு ஏறாவிட்டால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள் என்று அந்த அம்மாள் கண் கலங்கச் சொன்னார். என்ன நடிப்பு என்று மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடையப்பன் எலுமிச்சைத் துண்டால் விரலைத் துடைத்துக் கைநாட்டு வாங்கி, ரசீதை இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார். எல்லாரும் கைதட்டினார்கள். புனிதவதிக்கு அன்றைக்குத்தான் மனசு நிறைந்தது.

பதினொன்றரைக்கு இன்னொரு பெண் மூச்சிரைக்க வந்து, பஸ் கெட்டுப்போச்சு, நான்தான் நவமணி, எப்ப நடிக்கணும் என்று கேட்டார்.

அப்படியானால் பத்து மணிக்கு வந்தவர் நிஜ மனுக்காரி. புனிதவதி ஓடிப்போய்ப் பயிற்சி மனுவை எடுத்துப் பார்த்தார். தோட்டத்தின் பேர், டிவிஷன், லயத்து வீட்டு எண் எல்லாம் உடையப்பனின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. நிஜ மனுவில் வீரம்மாவின் கைநாட்டு நேரில் விழ வேண்டும், நாலு மணிக்குக் கவுண்டர் சாத்திவிடும் என்று அலுவலகத் தலைவர் கையை விரித்துவிட்டார். காரில் ஏறினால் தலை சுற்றும் என்று பேருந்திலேயே போகிற புனிதவதி, பிச்சைமுத்து அலைந்து ஒரு மணிக்குப் பிடித்துக் கொடுத்த டாக்சியில் தனியாக ஏறி உட்கார்ந்தார். இருபது மைல் செம்மண் பாதையில் ஒவ்வொரு மைலுக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு குடும்பத்தின் சோறு தன்னால் போய்விடுமோ?

லயத்து வீட்டு வாசலில் வீரம்மா ரசீதை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். புனிதவதி சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, பிழை என்னுடையது. இந்தத் துண்டு செல்லாது. இப்பவே என்னோட வாங்கோ" என்றார்.

வீரம்மா ரசீதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "எழுவதாம் வருஷம் தோட்டத்து ஆபீஸ் கிராணியும் இப்படித்தாம்மா வந்து காகிதத்த வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் காகிதமும் வரல, ஆளும் வரல. இத நான் தர மாட்டேன்லா."

தர வேண்டாம், கையிலேயே இருக்கட்டும், வந்தால் மட்டும் போதும் என்று புனிதவதி கெஞ்சினார். பயிற்சி எடுத்த இத்தனை வருஷத்தில் ஒரு மனுக்காரியிடம் அவர் கெஞ்சியது இதுதான் முதல் தடவை. வீரம்மா நம்பி வந்தாரா, பாவம் பார்த்து வந்தாரா, தெரியாது. வந்தார்.

மூன்று நாற்பதுக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். கவுண்டரில் ஐம்பது பேர் நின்றார்கள். கடைசி நாள் என்றால் அப்படித்தான். பிச்சைமுத்து வரிசையில் ஒவ்வொருவரிடமும் கெஞ்சி வழி வாங்கிக் கொடுத்தார். நாற்காலி எதுவும் இல்லை. கம்பிக்குப் பின்னால் அதே உடையப்பன். தலை நிமிரவில்லை. தாளைத் தள்ளினார், மசிப்பெட்டியைத் தள்ளினார், விழுந்த கைநாட்டைப் பார்த்து, "ரேகையே விழல. போயி கழுவிட்டு வா. அடுத்த ஆளு" என்றார்.

வீரம்மா விலகப் போனார். மணி மூன்று ஐம்பத்திரண்டு. புனிதவதிக்குக் கோபம்கூட வரவில்லை, துக்கம்தான் வந்தது. காப்பிக் கடையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பயந்தது இதற்குத்தானே. வீரம்மாவின் தோளைப் பிடித்து நிறுத்தி, கம்பிக்கு அருகில் குனிந்து, "உடையப்பன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் நிமிர்ந்தார். புனிதவதியைப் பார்த்தார், பிறகு வீரம்மாவைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. புனிதவதி நீட்டிய எலுமிச்சைத் துண்டை வாங்கி, விரலைத் துடைத்து, உருட்டி எடுத்து, முத்திரை குத்தி, ரசீதை வெளியே தள்ளினார். அக்கா என்று கூப்பிட வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் அடுத்த ஆள் கையை நுழைத்துவிட்டார்.

வெளியே மழை விட்டிருந்தது. வீரம்மா இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எதும்மா நெசம்?"

புனிதவதி இப்போது வாங்கியதைத் தொட்டுக் காட்டினார்.

"இது தள்ளி விட்ட காகிதம்லா. காலையில அந்தத் தம்பி உக்கார வச்சி, ரெண்டு கையாலயும் குடுத்தாரு. எனக்கு அது போதும். இத நீங்களே வச்சிக்குங்க."

புனிதவதி வாங்கிக்கொள்ளவில்லை. சேலைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். அசல் ரசீதை அடியில் வைத்து, பயிற்சி ரசீதை மேலே வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்தி, வீரம்மாவின் கையில், இரண்டு கையாலும் கொடுத்தார்.