பின்னறைத் தண்ணீர்

“களக்... களக்...”

குசினிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டதும், கட்டிலில் கிடந்த சோமசேகரத்தின் வலக்கை தானாக எழுந்து எதையோ இறுகப் பற்றியது. பற்றிய பிறகுதான் அது பிக்கப்பின் ஸ்டியரிங் அல்ல, வெறுங்காற்று என்று தெரிந்தது. மனைவி பத்மாசினி அரைக்குடம் தண்ணீரோடு அடுப்படிக்கு நடக்கிறாள். அவ்வளவுதான்.

“இஞ்சரும், அந்தக் குடத்தை நிரப்பிக்கொண்டு வரக்கூடாதோ?” என்றார் சலிப்போடு.

“ஏன், என்ரை குடம் தளும்பினால் உங்களுக்குத் தோள் நோகுதோ?” உள்ளேயிருந்து பதில் வந்தது. “நிறைகுடம் தளும்பாதெண்டு பள்ளிக்கூடத்திலை படிச்ச மனிசன் அரைத்தாங்கித் தண்ணியோடை பாலத்திலை ஏறினார். இப்ப என்ரை குடத்திலை பிழை பிடிக்கிறார்.”

சோமசேகரத்தின் இடத்தோள் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. ஆனால் அவரை வருத்தியது அந்த நோவு அல்ல. அடுத்த கிழமை கட்டு அவிழும். மறுபடி பிக்கப்பை எடுக்க வேண்டும். எடுத்தால் பொன்னாலைக் குடிசையடியில் நிறுத்துவதா, நிறுத்தாமல் போவதா? இந்தக் கேள்விதான் அவருடைய நெஞ்சில் பாறாங்கல்லாகக் கிடந்தது.

பண்டத்தரிப்பில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டு மூன்றாவது பிள்ளை அவர். காணி மூத்தவர்களோடு போய்விட்டது. பதினைந்து வருடம் பிறருடைய லொறிகளை ஓட்டினார். கடைசியில் பத்மாசினியின் அட்டியலும் காப்பும் ஒரு பழைய பிக்கப்பாக மாறின. வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. கடலுக்கு அப்பால் காரைநகரிலோ குடிதண்ணீருக்குப் பெரும் பஞ்சம். இரண்டு சில்லுள்ள இழுவைப் பெட்டியொன்றில் தகரத் தண்ணீர்த் தாங்கியைப் பூட்டி, பிக்கப்பின் பின்னால் கொளுவி, விடியற்காலையில் பாலம் தாண்டித் தேத்தண்ணிக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் கொண்டுபோனார்.

“தண்ணி விக்கிறவன்” என்று கூடப்பிறந்தவர்களே இளக்காரமாக நெளித்தார்கள். அந்தச் சொல் பத்மாசினியைச் சுட்டது. கலியாணமாகி இத்தனை வருடமாகியும் மடியில் ஒரு குழந்தை இல்லையே, இந்தப் பாவமும் சேர வேண்டுமா! அன்றிரவு அழுதழுது அவள்தான் சொன்னாள்: “தண்ணி காசாகுது. பாவம் சேரும். போற வழியிலை இல்லாத சனத்துக்குக் கொஞ்சம் சும்மா குடுத்திட்டுப் போங்கோ.”

அப்படித் தொடங்கியதுதான் பொன்னாலைக் கரைக் குடிசைகளின் கதை. பாலம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் மீன்பிடிச் சனங்களின் குடிசைகள். அங்கே தோண்டிய கிணறெல்லாம் உவர். ஊருக்குள் போனால், கிணற்றில் அவர்களை அள்ள விடமாட்டார்கள். யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும் வரை வெறுங்குடத்தோடு ஒதுங்கி நிற்க வேண்டும். சோமசேகரம் பிக்கப்பை நிறுத்தித் தாங்கியின் பின்குழாயைத் திறந்துவிடுவார். குடங்கள் நிறையும். தாங்கி பாதியாகும். மனம் மட்டும் நிறைந்து வழியும்.

மற்ற மாதங்களில் அதனால் ஒரு கெடுதியும் வரவில்லை. சோளகம் பிறந்தால்தான் வில்லங்கம். தென்மேற்கிலிருந்து கடலைத் தாண்டி வரும் காற்று, மறைப்பில்லாத அந்த நீண்ட பாலத்தில் வண்டியை விலாவில் அடிக்கும். போன மாதம் அப்படித்தான் ஒரு அடி. தாங்கிக்குள் பாதித் தண்ணீர் புரண்டது. பெட்டி வாலை ஆட்டத் தொடங்கியது. பதறிப்போய் அவர் பிறேக்கை மிதித்தார். மிதித்திருக்கக்கூடாது. பெட்டி பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு ஆழமில்லாத கடலுக்குள் சரிந்தது. அவரைத் தூக்கிக் கரை சேர்த்தவர்கள் அந்தக் குடிசைச் சனங்கள்தான்.

ஆசுபத்திரிக் கட்டிலருகே நின்று பத்மாசினி அவருடைய கையைப் பிடித்துத் தன் தாலியில் வைத்தாள். “எனக்கு வேறை ஆர் இருக்கினம்? இனி அந்தக் குடிசையடியிலை நிப்பாட்ட மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ!”

அவர் பண்ணினார். வேறு என்ன செய்வார்?

இன்று காலை, உடைந்த பெட்டியைத் திருத்தும் இரும்பு ஒட்டுக்காரன் கனிசியஸ் வந்திருந்தான்.

“அண்ணை, தண்ணியும் குடிவெறிகாரனும் ஒண்டு. வயிறு முட்டினால் விழுந்து படுத்திடுவான். பாதியிலைதான் ஆட்டம்” என்று சிரித்தான். “உங்கடை தாங்கி அச்சுக்குப் பின்னாலை தள்ளியிருக்கு. தண்ணி பின்னுக்கு ஓடினால் பிக்கப்பிலை பூட்டின கொளுவி மேலை எழும்பும். பிக்கப்பின்ரை பின்சில்லு லேசாப் போகும். பிறகு காத்துக்கு நீங்கள் விளையாட்டுச் சாமான்.”

“வழி இல்லையோடாப்பா?”

“ஏன் இல்லை? தாங்கியை முன்னுக்கு அரக்குவம். நடுவிலை தகடு ஒட்டி இரண்டு அறையாக்குவம். முன்னறையைக் கழுத்துமட்டும் நிரப்பி மூடினால் தண்ணி ஆட இடமில்லை. பின்னறை உந்தச் சனத்துக்கு. அது வெறுமையானால் பாரமெல்லாம் முன்னுக்கு வந்து பிக்கப்பை அமத்திப் பிடிக்கும். அதோடை, பெட்டி ஆடினால் பிறேக்கிலை ஏறாதேங்கோ. காலை எடுத்துப்போட்டு ஸ்டியரிங்கை நேராப் பிடியுங்கோ.”

“தகடு போட்டால் சோளகம் நிக்குமோ?” என்று குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. கனிசியஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான். சோமசேகரம் கட்டிலில் சாய்ந்தார். தகட்டை எங்கும் ஒட்டலாம். தாலிமேல் செய்த சத்தியத்தை எதைக்கொண்டு ஒட்டுவது?

பொழுது சாயும் நேரம் வேலிப் படலையடியில் ஒரு குரல். “அண்ணை... நிக்கிறியளோ?”

குடிசைகளில் ஒன்றில் இருக்கும் நல்லம்மா. இடுப்பில் வெறுங்குடம். கையில் தாங்கியின் மூடி. அவர் மெல்ல எழுந்து வாசலுக்கு வந்தார். அவள் முற்றத்தைத் தாண்டாமல் நின்றாள்.

“உங்கடை மூடி. எங்கடை இவர் சேத்துக்குள்ளை மூழ்கி எடுத்தவர்” என்று நிலத்தில் வைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். “அண்ணை, இனி எங்களடியிலை நிப்பாட்டாதேங்கோ. உதைச் சொல்லத்தான் வந்தனான். எங்களாலை உங்களுக்கு ஒண்டு நடந்தால், அக்கா எங்களைச் சபிக்கமாட்டாவோ?”

“அப்ப தண்ணிக்கு?”

“முந்தி மாதிரித்தான். ஊருக்குள்ளை போய் நிப்பம். ஆரும் ஊத்துவினம்.” அவள் சிரிக்க முயன்றாள். “இண்டைக்கு மத்தியானம் தொடக்கம் நிண்டனான். ஒருத்தரும் கிணத்தடிக்கு வரேல்லை. நீங்கள் தண்ணி விடேக்கை எப்பவும் சொல்லுவியள், இது என்ரை மனிசி குடுக்கச் சொன்ன தண்ணி எண்டு. அக்காவுக்குச் சொல்லுங்கோ, அவவைத்தான் கும்பிட்டுக் குடிச்சனாங்கள்.”

‘தாங்கியில் உங்களுக்கென்று ஓர் அறை வைக்கிறேன்’ என்று சொல்ல அவருடைய நா எழுந்தது. சத்தியம் அதை மடக்கிப் போட்டது.

அவருக்குப் பின்னால் காலடி கேட்டது. பத்மாசினி வந்து, நல்லம்மாவின் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கினாள். கிணற்றடிக்குப் போனாள். துலாவின் முனகல் கேட்டது. தளும்பத் தளும்ப நிறைத்த குடத்தை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

“கொஞ்சத்தைச் சரியுங்கோ அக்கா. தூரம் நடக்கவேணும், முட்டக் கிடந்தால் சுமக்கேலாது.” பத்மாசினி சரித்ததும், நல்லம்மா வேலியோரப் பூவரசில் ஒரு கொத்து முறித்துக் குடத்துக்குள் போட்டாள். “இது கிடந்தால் ஆடாது.”

“எத்தினை சின்னனுகள் அங்கை?” என்று பத்மாசினி கேட்டாள்.

“எண்ணேல்லை அக்கா. ஓடித்திரியுதுகள்” என்றாள் நல்லம்மா. “அப்ப நான் போட்டு வாறன்.”

படலை சாத்தும் ஓசை கேட்டது. ஒழுங்கையில் குறைகுடத்தோடு நடந்துபோகிறவளிடமிருந்து ஒரு தளும்பல் சத்தமும் வரவில்லை. பத்மாசினி வாசற்படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கனிசியசிட்டைச் சொல்லுங்கோ, தகட்டை ஒட்டட்டாம்” என்றாள் திரும்பாமலே. “பின்னறையைச் சின்னனா வைக்கவேண்டாம்.”

“சத்தியம்...?”

“என்ரை தாலியிலைதானே செய்தனீங்கள். அதை நான் ஆண்டவனோடை கதைச்சுக்கொள்ளுறன். பிறேக்கிலை மட்டும் ஏறாதேங்கோ.”

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, சோளகம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்த கதவை இரண்டு கைகளாலும் அமத்திச் சாத்தினாள்.