பன்னிரண்டு பெயர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியா புல்வெளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கப்பல் பட்டறைத் தொழிலாளி என் பேனாவைக் கேட்டு வாங்கினார். நெற்றியில் ஹெல்மெட் பட்டையின் தடம். ஊரில் அவர் மகள் விண்ணப்பிக்க நினைத்த பன்னிரண்டு கல்லூரிகளின் பெயர்கள் ஒரு தாளில் இருந்தன. வீட்டிலிருந்து பஸ்ஸில் எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணி, தூரமானதையெல்லாம் அடித்தார்.

"ரெண்டு போதும்மா," என்றார் போனில். "சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். இல்லேன்னா அம்மா தனியா இருக்கணும்ல?"

"நீங்க எத்தனை மணி நேர தூரத்துல இருக்கீங்கப்பா?" என்றாள் மகள் ஸ்பீக்கரில்.

அவர் அடித்த பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார்.

நேற்று என் மகள் தன் கல்லூரிப் பட்டியலை நீட்டினாள். நம் வீடு இருக்கும் தெம்பனிஸிலிருந்து கிளமெண்டி கல்லூரி தூரமாச்சே என்று சொல்ல வாயெடுத்தேன். அடித்த பெயர்களைத் திரும்ப எழுதிய அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன.