லட்சுமிகாந்தம் செய்த பொய் லாரி

பூட்டிய கம்பெனிக்குத் தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்கிற முதலாளியை நாரணாபுரம் ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். அவர் பெயர் லட்சுமிகாந்தம். பட்டாசுக் கம்பெனி. ஒரு அறையில் மட்டும் பேருக்குக் கொஞ்சம் புஸ்வாணம் ஓடும். மற்ற அறைகளில் பூட்டு. அந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை டீயே குடிப்பார்.

அவர் அப்பா காலத்திலிருந்து அங்கே சரவெடிதான் சரக்கு. முதல் வெடியிலிருந்து கடைசி வெடிவரை ஒரே தாளத்தில் போகும். நடுவில் ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் ஃபோர்மேன் பலவேசத்துக்கு அன்று சோறு இறங்காது. சரவெடி கூடாது என்று கோர்ட் சொன்னதும் மற்ற கம்பெனிக்காரர்கள் சட்டென்று வேறு சரக்குக்கு மாறிக்கொண்டார்கள். லட்சுமிகாந்தம் மாறவில்லை. பட்டத்து யானையைப் பால் வண்டியில் கட்டச் சொன்ன மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வேலைக்கு வந்த பெண்கள் எல்லாம் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள்.

அந்த இடத்தின் மேல் சீனிவாசகத்துக்கு ஒரு கண். லட்சுமிகாந்தத்தின் பெரியப்பா மகன், பிரஸ் முதலாளி.

"ஏலே, பேப்பர் ரீலு வைக்க எடமில்லாம நான் தெருவுல நிக்கேன். நீ சும்மா கெடக்க செவுத்துக்கு வாட்ச்மேன் வேலை பாக்கே. ஆடி போகட்டும். ஆவணி மொத முகூர்த்தத்துல பத்திரத்தை முடிச்சிருவோம்" என்றார் சீனிவாசகம்.

"ஆவணிக்குள்ள கம்பெனிய ஓட்டிட்டா?"

"ஓட்டிட்டா நானே வந்து கேட்டைத் தொறந்து விடுதேன். முடியலைன்னா வாய மூடிட்டுக் கையெழுத்துப் போடணும்."

சரி என்று தலையாட்டினார் லட்சுமிகாந்தம். அப்போது மாசி மாதம். கம்பெனியை எதை வைத்து ஓட்டுவது என்று அவருக்கே தெரியாது. வீட்டில் அவர் சம்சாரம் முருகேஸ்வரி அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "வித்த பெறகாவது மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வருவீகளா?"

அந்தச் சமயத்தில்தான் விருதுநகரில் ஒரு கூட்டம் நடந்தது. பட்டாளத்துக்கு வருங்காலத்தில் என்னென்ன வேண்டும் என்று ராணுவத்திலிருந்து ஆள் வந்து தொழில்காரர்களுக்கு விளக்கப் போகிறார் என்று அழைப்பு. லட்சுமிகாந்தம் போனது மதியச் சாப்பாட்டுக்காக என்று ஊரில் பேச்சு. எனக்கும் அதில் சந்தேகமில்லை. மண்டபத்தில் சமைத்தது என் சகலை. இவர் மூன்று தரம் ரசம் கேட்டதாகச் சொன்னான்.

பேச வந்தவர் மேஜர் சபரிநாதன். காரியாபட்டிக்காரர். மீசையைப் பார்த்துவிட்டு எல்லோரும் இந்தியில்தான் பேசுவார் என்று நினைத்திருக்க, அவர் நம்மூர்ப் பேச்சை எடுத்துவிட்டார்.

"நான் இன்னைக்குச் சண்டை போடுத ஆளுக்குச் சாமான் தேடி வரல. இப்ப எட்டாப்பு படிக்கானே, அவன் பட்டாளத்துக்கு வாரப்ப எதிரி கையில என்ன இருக்கும், இவன் கையில என்ன இருக்கணும், அதைத்தான் எங்க ஆபீஸ்ல உக்காந்து யோசிக்கோம். ஆடியிலயே அடுத்த வருசக் காலண்டரை அடிச்சு வைக்கீகள்ல? நாங்க பத்து வருசக் காலண்டரை அடிக்கோம். என்ன ஒண்ணு, எங்க காலண்டர்ல பாதித் தேதி தப்பாப் போயிரும். மறுபடி அடிக்கணும்."

பிறகு திரையில் ஒரு படம் போட்டார். வானத்திலிருந்து டிரோன் எடுத்தது. எல்லாம் சாம்பல் நிறம். நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். ஓடி நின்ற லாரிகளின் சூடு அது. முன்பெல்லாம் எதிரியை ஏமாற்ற அட்டையில் லாரி செய்து நிறுத்தினால் போதும். இப்போது மேலே இருக்கிற கண் சூட்டைப் பார்க்கிறது. அட்டை லாரிக்குச் சூடு கிடையாது.

"எங்களுக்கு ஒரு பொய் லாரி வேணும். லாரி எஞ்சின் மாதிரிச் சுடணும், மணிக்கணக்கா. வெளிச்சம் வரக் கூடாது, பொகை வரக் கூடாது, சத்தம் வரக் கூடாது. ஒத்த ஆள் தூக்கிட்டு ஓடணும். எப்படிச் செய்யணும்னு நாங்க சொல்ல மாட்டோம். என்ன செய்யணும்னு மட்டுந்தான் சொல்லுவோம்" என்றார்.

பக்கத்தில் இருந்த பலவேசம் குனிந்து, "வெளிச்சமில்ல, சத்தமில்ல, பொகையில்லன்னா அது நமுத்துப்போன வெடியில்லா மொதலாளி. அதைத் திருப்பி அனுப்புன ஆளுககிட்ட நாம எம்புட்டு ஏச்சு வாங்கிருக்கோம்" என்றார்.

லட்சுமிகாந்தம் கையில் இருந்த வடையைக் கீழே வைத்துவிட்டார். அவர் வடையைக் கீழே வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து ஊர் சிரித்தது. லாரி ஆபீஸ் வாசலில் லோடு இறக்கி நிற்கிற வண்டி முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து கொள்வார். மதுரையில் கரண்டு லைன் சூடு பார்க்கிறவரிடம் இரவல் வாங்கிய கேமராவை வைத்துக்கொண்டு பானெட்டையே பார்த்துக் கொண்டிருப்பார். ஒரு டிரைவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "அண்ணாச்சி, வண்டிக்குக் காய்ச்சலா? கசாயம் வைக்கணுமா?"

"வாயப் பொத்துடே. எஞ்சின் அணைச்ச பெறகு எம்புட்டு நேரம் சுடுதுன்னு பாக்கேன்."

பிறகு கம்பெனிக்குள் போய், அதே மாதிரிச் சுடுகிற ஒரு சாமான் செய்ய ஆரம்பித்தார். உள்ளே என்ன கலந்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள். முருகேஸ்வரி அக்காவிடமே அவர் சொல்லவில்லை. வெளியே களிமண் பூச்சு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அந்த மண்ணை ஆனைக்குட்டம் கண்மாயிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது என் வண்டி. அனுமதி வாங்க அவர் ஏறி இறங்கிய ஆபீஸ்களைச் சொல்ல ஆரம்பித்தால் ஆவணி வந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

முதல் சாம்பிளை ராணுவம் திருப்பி அனுப்பியது. கனம் அதிகம். சிப்பாய் முதுகில் ஏற்கெனவே இருக்கிற மூட்டை போதாதா என்று எழுதியிருந்தார்கள். கனத்தைக் குறைத்தார். அடுத்ததற்குக் கைப்பிடி வேண்டும் என்றார்கள். கையுறை போட்ட கை நுழைகிற அளவில். அதற்கடுத்தது மழையில் நனைந்து செத்தது. ஒவ்வொரு தரம் திரும்பி வரும்போதும் அவருக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். தீபாவளிக் கடைக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பினால் ஒரு வாரம் பேசமாட்டார். இதற்குக் குதித்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடுவார். "ஏன் வேணாம்னு காரணம் எழுதி அனுப்புதான்லே! எந்த யாவாரி அப்படி அனுப்பிருக்கான்?"

ஆடியில் களச் சோதனை என்று கடிதம் வந்தது. ராஜஸ்தான் பக்கம், மணலும் முள்ளும் உள்ள ஒரு மைதானம். சரக்கு ராணுவ வண்டியில் முன்னால் போயிற்று. லட்சுமிகாந்தமும் பலவேசமும் ரயிலில் போனார்கள். போகிற வழியெல்லாம் பலவேசம் ஒரு டப்பா ஊறுகாயை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே சோறு கிடைக்குமா என்று கவலைப்பட்டார்.

சோதனை எளிது. மைதானத்தில் நாலு நிஜ லாரிகளை ஓட்டி வந்து நிறுத்துவார்கள். நடுநடுவே பன்னிரண்டு பொய் லாரிகள், அதாவது அட்டைக் கூடுகளுக்குள் நம்ம சாமான். தூரத்துக் கூடாரத்தில் ஒரு டிரோன்காரர் இருப்பார். எது எது எங்கே என்று அவருக்குத் தெரியாது. மேலேயிருந்து பார்த்து நிஜமான நாலைப் பொறுக்க வேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் அதிகாலையில் சோதனை தொடங்கியது. திரையில் பதினாறு வெள்ளைப் பொட்டுகள். டிரோன்காரர் டிரோனை இப்படியும் அப்படியும் திருப்பினார், இறக்கினார், தலையைச் சொறிந்தார். லட்சுமிகாந்தமும் பலவேசமும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து அதே திரையைப் பார்த்தார்கள். நிஜ லாரிகள் மெல்ல ஆறத் தொடங்கின. நேரம் போயிற்று. டிரோன்காரர் பேனாவை எடுத்து, யோசித்து, கீழே வைத்தார்.

அப்போது பன்னிரண்டு பொட்டுகளும் மங்கத் தொடங்கின. எல்லாம் ஒரே சமயத்தில். ஒன்று முந்தவில்லை, ஒன்று பிந்தவில்லை. ஒரே சுவிட்சை அமர்த்தின மாதிரி பன்னிரண்டும் சேர்ந்து அணைந்தன.

லட்சுமிகாந்தம் தன்னை மறந்து கை தட்டினார். "பாத்தியாலே பலவேசம்? ஒண்ணுபோல! எங்கப்பா காலத்துலகூட இப்படி அமைஞ்சதில்லலே!"

பலவேசத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக் குலுக்கிக் கொண்டார்கள். டிரோன்காரர் சிரித்துக்கொண்டே பன்னிரண்டு பொட்டையும் அடித்து, மிச்சம் நாலைச் சுற்றி வட்டம் போட்டார்.

மேஜர் வந்து லட்சுமிகாந்தத்தின் தோளில் கை வைத்தார். "அண்ணாச்சி, ஊர்ல எந்த ரெண்டு லாரியாவது ஒண்ணுபோல ஆறிப் பாத்திருக்கீகளா? ஒண்ணு வெயில்ல நின்னுருக்கும், ஒண்ணு லோடு ஏத்தி வந்திருக்கும். அது அது இஷ்டத்துக்குத்தான் ஆறும்."

லட்சுமிகாந்தத்தின் கை பாதியில் நின்றது. மாதக்கணக்காக லாரிகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தவர்தான். ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி ஆறியதைக் கண்ணால் பார்த்தவர்தான். ஆனால் கம்பெனிக்குள் நுழைந்ததும் கை பழைய வேலையைச் செய்துவிட்டது.

"முடிஞ்சுதா சார்?" என்றார். ஆவணி முகூர்த்தம் கண் முன்னால் வந்து நின்றது.

"நாளைக்குக் காலையில இன்னொரு சுத்து இருக்கு. மிச்சம் வச்சிருக்கீகள்ல?"

மிச்சம் சரியாகப் பன்னிரண்டு இருந்தது. எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல. பூச்சைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் ஆறுகிற நேரம் மாறும். பலவேசம் மரக்கரண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சுரண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று முடித்தார். லட்சுமிகாந்தம் எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒரே அளவு சுரண்டியிருந்தது.

"என்னலே இது?"

"நான் என்ன மொதலாளி செய்யட்டும்? கோணலாச் செய்யின்னா கை வர மாட்டேங்குது. இம்புட்டு வருசமா என் தலையில குட்டுனது யாரு?"

லட்சுமிகாந்தம் கரண்டியைப் பிடுங்கித் தானே சுரண்டினார். அதுவும் பலவேசம் சுரண்டின மாதிரியே வந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எழுந்து நேரே சமையல் கூடாரத்துக்குப் போனார். சமையல்காரர், ஒரு டிரைவர், தண்ணீர் வண்டிக்காரர், சும்மா நின்ற சிப்பாய்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் கூட்டி வந்தார். இந்தி தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாமானைக் கொடுத்து, சுரண்டுகிற மாதிரி காட்டி, உன் இஷ்டம் என்று கையை விரித்தார். ஒருவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுக்க, பலவேசம் பாய்ந்து பிடுங்கினார். "இரும்பு ஆகாது தம்பி, பொறி பறந்துரும், மரத்துல சுரண்டு. நாங்க இன்னும் பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணல."

சமையல்காரர் கால்வாசியைப் பெயர்த்துவிட்டார். தண்ணீர் வண்டிக்காரர் நகத்தால் ஒரு கீறு போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டிரைவர் ஒரு பக்கம் மொட்டையடித்து, மறுபக்கத்தில் ஈரமண்ணை அப்பினார். பலவேசம் அதைப் பார்க்க மாட்டாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை லட்சுமிகாந்தம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். திரையில் பொட்டுகள் ஏறின. ஒன்று சீக்கிரம் மங்கிற்று. இன்னொன்று பாதி மங்கி அப்படியே நின்றது. டிரோன்காரர் வட்டம் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். கடைசியில் நாலைக் காட்டி, இவைதான் நிஜம் என்றார்.

அதில் ஒன்றுதான் லாரி. மற்ற மூன்றும் நாரணாபுரத்துச் சரக்கு. இது நிச்சயம் என்று இரண்டு கோடு போட்டிருந்தாரே, அது சமையல்காரர் பெயர்த்தது.

கூடாரமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேஜர் அடுத்த நோட்டை எடுத்துவிட்டார். பூச்சைத் தனித்தனிப் பட்டையாக வைக்க வேண்டும், களத்தில் சிப்பாயே தன் இஷ்டத்துக்கு உரித்துக்கொள்கிற மாதிரி. அப்படி ஒன்று வேண்டும் என்று அவர்கள் காகிதத்தில் முன்பு கிடையாது. அன்று காலைதான் சேர்ந்தது.

"அப்ப ஆர்டர்?" என்றார் லட்சுமிகாந்தம்.

"அதுக்கு நாளாகும் அண்ணாச்சி. இது பாஸ். அடுத்து பனியில ஒரு சோதனை, மழையில ஒண்ணு, குடோன்ல ரெண்டு வருசம் வச்சு எடுத்து ஒண்ணு. நடுவுல எதிரி கேமராவ மாத்திட்டான்னா நாமளும் மாத்தணும். பெரிய ஆர்டர் வாரதுக்கு மூணு வருசம் ஆனாலும் ஆகும். வராமலும் போகலாம். ஆனா சோதனைக்கெல்லாம் சரக்கு வேணும். அதுக்கு இப்பவே எழுதித் தாரோம்."

ஊருக்கு வந்ததும் சீனிவாசகம் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னலே, பட்டாளம் தாம்பாளத்துல வச்சுக் குடுத்தாகளா?"

"மூணு வருசம் ஆகுமாம்ணே. வராமலும் போகுமாம்."

"அப்பப் பத்திரம்?"

"பனிச் சோதனைக்குச் சரக்கு கேட்டிருக்காக. ரெண்டு அறை ஓடும்."

"ரெண்டு அறை ஓடுனா கம்பெனி ஓடுன மாதிரியால?"

"நேத்து ஒரு அறைதான் ஓடுச்சு."

சீனிவாசகம் உள்ளே எட்டி அறைகளை எண்ணினார். கணக்கில் அவரைவிட யாரும் கெட்டியில்லை. ஒன்று இரண்டானால் ஏறுமுகம் என்று அவருக்குத் தெரியாதா? மாசியில் பேசின பேச்சை அந்த ரோட்டில் பாதிப்பேர் கேட்டிருந்தார்கள். அதில் நான் ஒருவன், மறக்காமல் ஞாபகப்படுத்தினேன். அவர் என்னை முறைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டின் ஒரு கதவைத் தள்ளினார். ஒன்றை மட்டும்தான் தள்ளினார்.

"மறு கதவு?" என்றார் லட்சுமிகாந்தம்.

"பெரிய ஆர்டர் வரட்டும்லே, அன்னைக்குத் தொறக்கேன்."

பழையபடி வேலைக்குத் திரும்பி வந்த பெண்கள் திறந்த பாதியில் ஒருக்களித்து உள்ளே போனார்கள். கூட்டத்தின் கடைசியில் சாப்பாட்டுத் தூக்கோடு முருகேஸ்வரி அக்காவும் நுழைந்தார். இனி மத்தியானச் சோற்றுக்கு லட்சுமிகாந்தம் வீட்டுக்கு வரமாட்டார் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.