வழிமொழிய ஒருவர்

ரப்பர்த் தோட்டத்தை விட்டுப் புந்தோங்குப் பட்டணத்துக்கு வந்தவர்களின் சங்கத்தில் நான் உதவிச் செயலாளர்; டீ சொல்லி அனுப்புவது என் இலாகா. செயலவையில் முன்மொழியத்தான் எல்லாருக்கும் ஆசை. வழிமொழிய ஒரே ஒரு அண்ணன்தான். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, மை பூசிய மீசை. தீர்மானத்தை வாசித்து முடிக்குமுன்பே கை காதுவரை உயர்ந்துவிடும். தலைவரைப் பாராட்டும் தீர்மானத்தையும் அவரைக் கண்டிக்கும் தீர்மானத்தையும் ஒரே கூட்டத்தில் வழிமொழிந்தவர்.

அவர் மனைவி இறந்த பிறகு கூடிய செயலவையில், முதலில் அந்த அம்மாவுக்கு இரங்கல் தீர்மானம். அவரும் வந்திருந்தார். தலைவர் வாசித்துவிட்டு, "வழிமொழியிறது யாரு?" என்றார்.

பழக்கதோஷம், எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். கொஞ்சம் பொறுத்துக் கை மெல்ல உயர்ந்தது.

"வழிமொழியிறேன் தலைவரே."

வெளியே வந்ததும், "அண்ணே, நாங்க யாராச்சும் கை தூக்கியிருக்கணும்," என்றேன்.

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் லா. ஆள் இல்லாட்டி தீர்மானம் விழுந்துரும் தம்பி. அவளுக்கு எதுக்கு அந்த அவமானம்?"

மோட்டார் சைக்கிளை எடுத்தார். யாரும் உட்காரப்போகாத பின்சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அப்புறம்தான் ஏறினார்.