கொஞ்சம் தள்ளிப் பாரு

என் கணவருக்குக் கண் பார்வையில் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்களில் மட்டும் மங்கலாகத் தெரியும். சூரியனை நெருங்கிக்கொண்டிருந்த வால்நட்சத்திரத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். மனம் நோகக் கூடாதே என்று, விடியுமுன் திருநகரிலிருந்து கப்பலூர் தாண்டி ஒரு கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போனேன்.

எனக்கு எதுவும் தென்படவில்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கியது.

"போவோமாங்க?" என்றேன்.

"அந்தா இருக்குல்ல" என்று கை நீட்டினார். "நேரா பாக்காத, மங்கலா இருக்குறது ஓரக்கண்ணுலதான் தெரியும். கொஞ்சம் தள்ளிப் பாரு. நான் இப்ப எல்லாத்தையும் அப்படித்தான பாக்குறேன்."

கருவேல மரங்களுக்கு மேலே பார்வையைச் சற்று ஒதுக்கினேன். புகைபோல ஒரு வால் மெல்லப் புலப்பட்டது.

"எம்புட்டு நீளம்" என்றேன்.

அவர் கண்ணுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அதுவரை நானே முடிவு செய்துவந்தேன். திரும்பும் வழியில்தான் முதன்முதலாக அவரிடமே கேட்டேன். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.